ஒளிவிளக்கின் விசை யார் கையில்? – ‘காத்தம் சென்ட்ரல்’ படக்கதைத் தொடரில் சட்டமும் மீநாயகனும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் 2003 முதல் 2006 வரை 40 இதழ்களாக வெளியிட்ட ‘காத்தம் சென்ட்ரல்’ என்னும் படக்கதைத் தொடர், பேட்மேன் உலாவும் நகரத்தில் பணிபுரியும் சாதாரணக் காவலர்களைக் கதைமாந்தராகக் கொண்டது. மீநாயகக் கதையையும் காவல் நடைமுறைக் கதையையும் இத்தொடர் இணைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டத்திற்குப் புறத்தே நிற்கும் ஒருவன் சட்டத்தின் வேலையைச் செய்யும்போது சான்றுக்கும் வழக்குக்கும் நேர்வது யாது என்பதே தொடரின் மையச் சிக்கல் என்பதும், அச்சிக்கல் கூரைமேல் உள்ள ஒளிவிளக்கில் தொடங்கி ஒரு தோட்டாவில் முடிகிறது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: படக்கதை, மீநாயகன், காவல் நடைமுறைக் கதை, சான்று, காத்தம் சென்ட்ரல், பேட்மேன்

முன்னுரை

சூப்பர் ஹீரோ எனப் பரவலாக வழங்கப்பெறும் மீநாயகனின் கதையில் காவலர்க்குரிய இடம் மிகச் சிறியது. குற்றம் நிகழ்ந்தபின் வருவர், திகைத்து நிற்பர், கட்டுண்டு கிடக்கும் குற்றவாளியை வண்டியில் ஏற்றிச் செல்வர். கதை அத்துடன் முடிந்துவிடும். அக்குற்றவாளியின்மேல் வழக்கு எவ்வாறு தொடுக்கப்பட்டது, நீதிமன்றத்தில் சான்றாக எது வைக்கப்பட்டது, கட்டிப்போட்டவன் யார் என்று கேட்கும் வழக்கறிஞருக்குக் காவலர் என்ன விடை சொன்னார் என்பன அக்கதைகளில் எழாத வினாக்கள். அவ்வினாக்கள் எழத் தொடங்கும் இடமே ‘காத்தம் சென்ட்ரல்’ தொடரின் களம்.

கிரெக் ரக்கா, எட் புரூபேக்கர் ஆகிய இருவர் இத்தொடரை எழுதினர். தொடக்க இதழ்களின் ஓவியர் மைக்கேல் லார்க். பின்னர் ஸ்டெஃபானோ காவ்டியானோ, கானோ முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். எழுத்தாளர் இருவரும் முதற்கதையைச் சேர்ந்து எழுதியபின் வேலையைப் பிரித்துக்கொண்ட முறை குறிப்பிடத்தக்கது. பெருங்குற்றப் பிரிவின் பகல்நேரப் பணிக்குழுவை ரக்கா எடுத்துக்கொண்டார்; இரவுக்குழுவைப் புரூபேக்கர் எடுத்துக்கொண்டார். பேட்மேன் இரவில் மட்டுமே வருபவன். ஆதலால் இப்பிரிவினை பணிவசதிக்காகச் செய்யப்பட்டதாயினும் பொருட்பேறு உடையதாகிறது. பகற்காவலர்க்குப் பேட்மேன் பெரும்பாலும் ஒரு செவிவழிச் செய்தி. இரவுக்காவலர்க்கு அவன் தோளருகே வந்து நிற்கும் நிழல்.

காவல் நடைமுறைக் கதை மரபும் மூன்று இணைப்புகளும்

தனியொரு துப்பறிவாளரின் அறிவுக்கூர்மையைப் போற்றுவது ஷெர்லக் ஹோம்ஸ் வழிவந்த மரபு. அதனின் வேறானது காவல் நடைமுறைக் கதை. இங்கு நாயகன் ஒருவன் இல்லை. ஒரு நிலையமே நாயகன். 1956இல் எட் மெக்பெயின் தொடங்கிய 87ஆம் காவல் சரக நாவல்களும், 1981இல் தொடங்கிய ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ தொலைக்காட்சித் தொடரும் இம்மரபின் மைல்கற்கள். பால்டிமோர் நகரக் கொலைவழக்குப் பிரிவினருடன் ஓராண்டு உடனிருந்து டேவிட் சைமன் எழுதிய ‘ஹோமிசைடு’ என்னும் நூல் 1991இல் வெளிவந்தது. நாற்காலிச் சண்டை, ஆறிய காப்பி, தீராத எழுத்துப்பணி, முடியாத வழக்குகளின் பட்டியல் ஆகியவற்றை இலக்கியத்திற்குரிய பொருளாக்கியது அந்நூல். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் படக்கதைக்குள் நுழைந்த காவலர், இவ்வகை எழுத்தும் தொலைக்காட்சியும் வளர்த்தெடுத்த காவலரே.

அக்காலத்தில் இவ்விரு வகைமைகளையும் இணைத்த தொடர்கள் மூன்று. ஆலன் மூர் எழுதி, ஜீன் ஹா, சாண்டர் கேனன் இருவரும் வரைந்த ‘டாப் 10’ (1999–2001) ஒன்று. அங்கு நகரத்தார் அனைவரும் மீயாற்றல் உடையோர்; காவலரும் அவ்வாறே. எல்லோரும் பறக்கக்கூடிய ஊரில் பறத்தல் ஒரு சிறப்பன்று என்பதால், காவல் நிலையம் எந்த ஊர்க் காவல் நிலையத்தையும்போல் ஆகிவிடுகிறது. பிரையன் மைக்கேல் பென்டிஸ் எழுதி, மைக்கேல் ஏவன் ஓமிங் வரைந்து 2000இல் தொடங்கிய ‘பவர்ஸ்’ மற்றொன்று. மீயாற்றல் உடையோர் தொடர்பான கொலைகளை ஆராயும் கிறிஸ்டியன் வாக்கர், தீனா பில்கிரிம் என்னும் இருவர் அதன் துப்பறிவாளர்கள். வாக்கர் ஒருகாலத்தில் மீநாயகனாயிருந்து ஆற்றலை இழந்தவர். ரெட்ரோ கேர்ள் என்னும் புகழ்பெற்ற நாயகியின் கொலைவழக்கே அத்தொடரின் முதற்கதை. அது 2001இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றது.

இவ்விரண்டிலும் காவலர்க்கு மீநாயக உலகத்தின் உள்வழி ஒன்று உண்டு. முன்னதில் காவலரே மீயாற்றலர். பின்னதில் முன்னாள் மீநாயகர் காவலராக இருக்கிறார். மூன்றாவதாகிய ‘காத்தம் சென்ட்ரல்’ அவ்வழியை அடைத்துவிடுகிறது. அதன் காவலரிடம் உள்ளவை துப்பாக்கி, பேரேடு, தொலைபேசி ஆகியவை மட்டுமே. மற்ற இரு தொடர்களும் புதிய உலகங்களைப் படைத்துக்கொண்டன. இதுவோ அறுபதாண்டுக்கு மேலாக வாசகர்க்குப் பழகிய பேட்மேன் உலகத்திலேயே, இருந்த இடத்தை விட்டு அகலாமல், பார்வையை மட்டும் திருப்புகிறது. மூன்றனுள் மிகக் கடினமான வழி இதுவே.

பழைய ஏற்பாடு

பேட்மேனுக்கும் காவல்துறைக்கும் உள்ள உறவு கதை தோன்றிய நாள்முதல் சிக்கலாகவே இருந்துவந்துள்ளது. 1939ஆம் ஆண்டு மே மாதத் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் அவன் முதன்முதல் தோன்றியபோதே ஆணையர் கோர்டனும் உடன் தோன்றினார். தொடக்கத்தில் காவலர்கள் அவனைத் துரத்தினர். அது நீடிக்கவில்லை. 1941இல் வந்த ஒரு கதையில் பேட்மேன் காவல்துறையின் மதிப்புறு உறுப்பினனாக ஆக்கப்பெற்றான். 1942இல் வானத்தில் வௌவால் உருவத்தை வீழ்த்தும் ஒளிவிளக்கு கதைக்குள் வந்தது. சட்டத்திற்குப் புறத்தே நின்றவனை ஒரு பட்டம் கொடுத்து உள்ளே அழைத்துக்கொண்ட இவ்வேற்பாடு, அவனை நோக்கி எழக்கூடிய சட்டவினாக்களை எழாமலே செய்தது. 1954இல் அமெரிக்கப் படக்கதைப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தணிக்கை நெறி, காவலர், நீதிபதி, அரசு அலுவலர் ஆகியோரை மதிப்புக் குறையும் வகையில் காட்டலாகாது என விதித்தது. மதிப்புக்குரியவராக்கப்பட்ட காவலர், அதனாலேயே கதையில் செய்வதற்கு ஏதும் இல்லாதவராகவும் ஆனார்.

1987இல் ஃபிராங்க் மில்லரும் டேவிட் மட்சுகெல்லியும் படைத்த ‘பேட்மேன்: இயர் ஒன்’ கோர்டனைக் கதையின் நடுவே கொண்டுவந்தது, ஊழல் மலிந்த காவல்துறையையும் வெளிப்படையாகக் காட்டியது. லார்க்கின் கோடுகளில் மட்சுகெல்லியின் தடம் தெரிவதை ஓவியம் பயின்றோர் எளிதில் உணர்வர். எனினும் அக்கதையிலும் கோர்டன் ஒரு தனிமனிதர், நிலையம் பின்னணிதான். ‘காத்தம் சென்ட்ரல்’ தொடங்கும்போது கோர்டன் ஓய்வுபெற்றுவிட்டார். மைக்கேல் ஏக்கின்ஸ் ஆணையராக இருக்கிறார். பேட்மேனின் நண்பர் விலகிய இடத்தில் நட்பற்ற ஒரு நிறுவனம் நிற்கிறது. தொடர் இதனைத் தற்செயலாகத் தேர்ந்துகொண்டதாகத் தோன்றவில்லை. நட்பு மறைத்துவைத்திருந்ததை அலுவலகம் மறைத்துவைக்க இயலாது.

ஒளிவிளக்கும் தற்காலிகப் பணியாளரும்

தொடரின் மிகக் கூரிய கண்டுபிடிப்பு, பார்வைக்கு மிகச் சிறியது. காவல் தலைமையகத்தின் கூரைமேல் உள்ள ஒளிவிளக்கைக் காவலர் எவரும் இயக்கக்கூடாது. பேட்மேனைத் துறை அதிகாரமுறையில் ஏற்பதில்லை. ஆதலால் சீருடையோ பணிச்சின்னமோ உடைய எவர் கையும் அவ்விசையில் படலாகாது. அதனை அழுத்துபவர் ஸ்டேசி என்னும் இளம்பெண். அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் தற்காலிகப் பணியாளர். 11ஆம் இதழ் முழுவதும் அவர் பார்வையிலேயே செல்கிறது.

இதனை ஒரு நகைச்சுவையாகக் கொண்டு கடந்துவிடலாம். பல வாசகர் அவ்வாறே கொண்டனர் போலும். ஆனால் அமெரிக்கச் சான்றுச் சட்டத்தை நோக்கினால் இச்சிறு செய்தி ஆழமான ஓர் உண்மையைத் தொடுகிறது. அந்நாட்டு அரசமைப்பின் நான்காம் திருத்தம் முறையற்ற சோதனையையும் கைப்பற்றலையும் தடுக்கிறது. அவ்வாறு பெற்ற சான்றை நீதிமன்றம் ஏற்கலாகாது என்னும் விலக்கல் விதி, கூட்டரசு வழக்குகளில் 1914 முதலும், மாநில வழக்குகளில் ‘மேப் எதிர் ஒஹாயோ’ தீர்ப்பின்வழி 1961 முதலும் நடைமுறையில் உள்ளது. எனினும் இத்தடை அரசை மட்டுமே கட்டும், தனிமனிதரைக் கட்டாது. தனிமனிதர் திருடிக்கொண்டுவந்து கொடுத்த ஆவணங்களைக்கூட அரசு பயன்படுத்தலாம் என்று 1921இல் ‘பர்டோ எதிர் மெக்டவல்’ வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தனிமனிதர் காவல்துறையின் ஏவலில், அதன் கருவியாகச் செயற்பட்டார் என்று காட்டிவிட்டால் அவர்மேலும் அத்தடை பாயும்.

இந்த வேறுபாட்டைப் பேட்மேனுக்குப் பொருத்தினால் விளக்கின் விசை ஏன் அவ்வளவு பெரிய பொருளாகிறது என்பது விளங்கும். அவன் தானாக வந்து குற்றவாளியைப் பிடித்தால் அவன் ஒரு தனிமனிதன். காவலர் ஒருவர் விளக்கேற்றி அவனை அழைத்தால் அவன் காவல்துறையின் கருவி. கதவை உடைத்தது, அடித்துக் கேட்டது, ஆணையின்றி எடுத்தது எல்லாம் அரசு செய்தனவாகிவிடும், வழக்கு நிற்காது. ஸ்டேசியின் விரல் ஒரு சட்டப் புனைவு. எல்லோரும் அறிந்திருக்க, எவரும் அறியாததுபோல் நடக்கும் ஏற்பாடு அது. கதைக்குள் இவ்வழக்குகளின் பெயர் விரிவாகப் பேசப்படவேண்டிய தேவை இல்லை. விசையிலிருந்து கையை விலக்கிக்கொள்ளும் காவலரின் உடலசைவே அவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

வன்முறையை முறைப்படி பயன்படுத்தும் தனியுரிமை அரசுக்கே உரியது என்று 1919இல் மாக்ஸ் வெபர் கூறிய வரையறை சமூகவியலில் நன்கறியப்பட்டது. காத்தம் நகரில் அத்தனியுரிமை இரவுதோறும் கைநழுவுகிறது. அதனைக் கையளிக்கும் ஆவணத்தில் கையொப்பமிடுபவர் நாட்கூலிக்குரிய ஒருவர் என்பது தொடரின் கசப்பான கிண்டல்.

காவலரின் மானம்

முதற்கதையில் மார்கஸ் டிரைவரும் அவருடைய பணித்துணைவர் சார்லி ஃபீல்ட்ஸும் ஒரு சிறுமி காணாமற்போன வழக்கைத் தேடிச் சென்று, எதிர்பாராமல் மிஸ்டர் ஃபிரீஸ் இருக்கும் அறைக்கதவைத் தட்டிவிடுகின்றனர். ஃபீல்ட்ஸ் உறைந்து இறக்கிறார். இறந்தவர் தம்மவர் என்பதால், பேட்மேனை அழைக்காமல் தாமே கொலைகாரனைப் பிடிக்கவேண்டும் எனப் பிரிவினர் உறுதிகொள்கின்றனர். இயலவில்லை. இறுதியில் விளக்கு ஏற்றப்படுகிறது, பிடிப்பவன் பேட்மேன். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் டிரைவருக்கு எழுவது அவமானம். அடுத்த கதையில் அவர் தொடங்குவது ஃபீல்ட்ஸ் விட்டுச்சென்ற அச்சிறுமியின் வழக்கை. அவ்வழக்கேனும் பேட்மேன் கை படாமல் முடியவேண்டும் என்பதே அவர் வேண்டுவது, முடிகிறது. உலகைக் காக்கும் செயல் எதுவும் அதில் இல்லை. ஒரு கோப்பு மூடப்படுகிறது, அவ்வளவே. ஆயினும் படிப்பவர்க்கு அது வெற்றியாகத் தோன்றும்படி செய்திருப்பதில்தான் நடைமுறைக் கதையின் ஆற்றல் உள்ளது.

ஓவியமும் இதற்குத் துணைசெய்கிறது. கட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்கான நீள்சதுரங்கள். சாய்ந்து வெடிக்கும் மீநாயகப் பக்க அமைப்பு மிக அரிது. பேட்மேனின் எண்ணவோட்டம் வாசகர்க்குத் தரப்படுவதில்லை. அவன் வரும்போது முகத்தைவிட மேலாடையின் விளிம்பே மிகுதியும் தெரிகிறது. கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் வாசகர் தாமே நிகழ்வை நிரப்பிக்கொள்கிறார் என்பது ஸ்காட் மெக்ளவுட் 1993இல் விளக்கிய கோட்பாடு. இத்தொடரில் மீநாயகச் செயல்கள் பல அவ்வெற்றிடத்துக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. அவற்றின் பின்விளைவுகளைத்தான் காவலரும் வாசகரும் காண்கின்றனர்.

ரெனே மொன்டோயா: புனையப்பட்ட சான்று

தொடரில் மிகுதியும் பேசப்பட்ட ‘ஹாஃப் எ லைஃப்’ (இதழ்கள் 6–10) ரக்காவும் லார்க்கும் படைத்தது. 2004இல் சிறந்த தொடர்கதைக்கான ஐஸ்னர் விருது பெற்றது. துப்பறிவாளர் ரெனே மொன்டோயா 1990களின் தொலைக்காட்சி இயங்குபடத் தொடருக்காக உருவாக்கப்பட்டு 1992இல் படக்கதைக்குள் வந்தவர். இக்கதையில் அவர் ஒரு பெண்ணை முத்தமிடும் ஒளிப்படம் எடுக்கப்பட்டு, அவருடைய அலுவலக அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டப்படுகிறது. தாம் ஒருபால் விருப்பினர் என்பதை அதுவரை அவர் பணியிடத்திலும் பெற்றோரிடத்திலும் வெளியிட்டிருக்கவில்லை. அடுத்து ஒரு கொலை. அவருடைய துப்பாக்கியால் நிகழ்ந்தது எனத் தெரிகிறது. சக காவலரே அவரைக் கைதுசெய்கின்றனர்.

இவ்வனைத்தையும் இயக்கியவன் டூ ஃபேஸ் எனப்படும் ஹார்வி டென்ட். அவன் முன்னாள் அரசு வழக்கறிஞன் என்பதை ஆய்வாளர் பலர் அவனது பிளவுண்ட மனத்தோடு மட்டுமே இணைத்துப் பார்ப்பர். இங்கு அது தொழில்திறமாகவே பயன்படுகிறது. ஒருவர்மேல் குற்றத்தை நிறுவ எந்தெந்தச் சான்று எந்த வரிசையில் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் கையாளும் ஆயுதம் குண்டன்று, வழக்கு. மொன்டோயாவின் உலகம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டால் அவர் தன்னிடம் வருவார் என்பது அவன் கணக்கு. முடிவில் பேட்மேன் வந்து உதவுகிறான். ஆனால் அவனால் மீட்கமுடிந்தது உயிரை மட்டுமே. தந்தை மகளைத் துறக்கிறார். அந்த இடத்தில் எந்த மீநாயகனுக்கும் வேலை இல்லை. காவல் கதைக்குரிய புறமும் இல்லத்துக்குரிய அகமும் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கிவந்த மீநாயகப் படக்கதைகள் மிகச் சிலவே.

ஒரு தோட்டா

25ஆம் இதழில் ஆணையர் ஏக்கின்ஸ் பேட்மேனுடனான உறவை முறித்துக்கொண்டு ஒளிவிளக்கைக் கூரையிலிருந்து அகற்றிவிடுகிறார். பின்னர்ப் பேட்மேனின் துணைவன் ராபினின் உடையணிந்த சிறுவன் ஒருவனின் பிணம் கிடைக்கிறது (இதழ்கள் 33–36). உண்மையான ராபின் யார் என்பதே தெரியாத காவலர், இறந்தவன் அவனா என்று எவ்வாறு உறுதிசெய்வது? முகமூடியோடு செய்துகொண்ட உடன்பாட்டின் விலை, பிணவறை மேசைமேல் அடையாளமின்றிக் கிடக்கிறது.

எனினும் தொடரின் முடிவுக்கான வித்து, விளக்கு அகற்றப்படுவதற்கு முன்பே, 23, 24ஆம் இதழ்களில் ஊன்றப்பட்டுவிட்டது. மொன்டோயாவின் பணித்துணைவர் கிறிஸ்பஸ் ஆலன் ஒரு துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுக்காக உள்விசாரணைக்கு ஆளாகிறார். அவரைக் காக்கக்கூடிய தோட்டா ஒன்று தடயங்களிடையே இல்லை. தடயவியல் பணியாளன் ஜிம் கோரிகன் அதனை எடுத்து விற்றுவிட்டான். மீநாயகர் தொடர்பான தடயங்களை விலைகொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்கள் அந்நகரில் உண்டு. (பழைய படக்கதை இதழ்களை நெகிழியுறையிட்டுச் சேர்த்துவைக்கும் வாசகரை நோக்கியும் இங்கு ஒரு கண்சிமிட்டல் உண்டு எனலாம்.) மொன்டோயா கோரிகனை அடித்துத் தோட்டா சென்ற இடத்தை அறிகிறார். ஆலன் காப்பாற்றப்படுகிறார்.

அந்த அடியே கோரிகனையும் காப்பாற்றிவிடுகிறது. காவலர் ஒருவர் வன்முறையால் பெற்ற செய்தி வழக்கைக் கெடுக்கிறது. அவன்மேல் நிற்கக்கூடிய வழக்கு எதுவும் இனி இல்லை. பேட்மேன் ஒவ்வோர் இரவும் செய்வதைத்தான் மொன்டோயா ஒரே ஒருமுறை செய்தார். தனிமனிதனுக்குச் சட்டம் காட்டும் கண்டும்காணாமை, பணிச்சின்னம் அணிந்தவருக்கு இல்லை. ஸ்டேசியின் விரலைக்கொண்டு துறை இத்தனை நாள் தவிர்த்துவந்தது எதுவோ, அது இங்கு நேர்ந்துவிடுகிறது.

ஆலனால் அதனை அப்படியே விட இயலவில்லை. கோரிகனுக்கு எதிரான வழக்கை, இம்முறை முறைப்படி நிறுவிவிடவேண்டும் என்று அவர் எவருக்கும் சொல்லாமல் சான்று திரட்டுகிறார். இறுதி மூன்று இதழ்கள் (38–40) அதனைச் சொல்கின்றன. கோரிகன் ஆலனைச் சுட்டுக் கொல்கிறான். காவலர் அனைவரும் கொன்றவன் இன்னான் என அறிவர், நிறுவ இயலவில்லை. தடயங்களைக் கையாளுவதே தொழிலாகக் கொண்டவன் தடயம் விடுவானா? மொன்டோயா துப்பாக்கியுடன் அவன் வீட்டுக்குச் செல்கிறார். விரல் விசையின்மேல் இருக்கிறது, அழுத்தமுடியவில்லை. திரும்பிவந்து பணிச்சின்னத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்.

கோரிகன் என்னும் பெயர் படக்கதை வரலாறு அறிந்தோர்க்குப் புதியதன்று. 1940இல் ஜெரி சீகலும் பெர்னார்ட் பெய்லியும் படைத்த ‘ஸ்பெக்டர்’ என்னும் பழிதீர்க்கும் ஆவி, கொலையுண்ட ஜிம் கோரிகன் என்னும் நேர்மையான துப்பறிவாளரைச் சார்ந்தே உலவியது. நீதியின் உருவமாயிருந்த பெயரை அநீதியின் உருவத்துக்கு இட்டது இத்தொடர். 2006இல் வேறு கதைகளில் அந்த ஆவி இறந்த ஆலனையே தன் இருப்பிடமாகத் தேர்ந்துகொள்கிறது. மொன்டோயா ‘தி குவெஸ்சன்’ என்னும் முகமற்ற நாயகியாகிறார். டிசி நிறுவனத்தின் பேருலகம் இருவரையும் மீநாயகராக்கித் தன்னுள் இழுத்துக்கொண்டது. அதனை உயர்வு என்று கொள்ளும் வாசகர் உண்டு. ‘காத்தம் சென்ட்ரல்’ தொடரின் நோக்கிலிருந்து பார்த்தால் அது ஓர் இழப்பே. 40ஆம் இதழின் முடிவில் ஆலன் கொலைவழக்கின் கோப்பு மூடப்படவில்லை. அதனைத் தம் மேசையில் வைத்திருக்கவேண்டிய துப்பறிவாளரும் பணியில் இல்லை.